றைற்றரின் மேல் விழுந்த பழி

புதிய பொருளொன்று வீட்டுக்கு வந்து, தன்மேல் எழுதப்பட்ட வேகத்தில் தன் வேலையைச் செய்யாவிடின், பழி முதலில் அதன் தலையிலேயே விழுகின்றது. பழைய பொருளாயின், "பாவம், அதற்கும் வயது போய்விட்டது" என்று பொறுத்துக்கொள்கிறோம். புதியதாயின் அப் பொறுமை எங்கோ மறைந்துவிடுகின்றது. விற்றவன் ஏமாற்றினான் என்கிறோம். செய்தவன் கள்ளச் சரக்கை அனுப்பினான் என்கிறோம். புது மடிக்கணினியில் உள்ள இறுவட்டு றைற்றர் ஆமைபோல் நகர்கின்றது என்று எம்மிடம் முறையிட்டோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் றைற்றரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். 2010ஆம் ஆண்டில் எமது வீட்டிலும் அவ்வழக்கு நடந்தது. அதனை விசாரித்த விதத்தைச் சொல்லுவதே இக் கட்டுரையின் நோக்கம்.

இன்று கடைகளில் விற்கும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இறுவட்டுத் தட்டே கிடையாது. ஆயினும், திருமண இறுவட்டு, பாடசாலை விழா இறுவட்டு, மறைந்த பெரியோரின் குரல் பதிந்த இறுவட்டு என்பன நம் வீட்டு அலுமாரிகளில் இன்னும் உறங்குகின்றன. அவற்றைப் படிக்கவும் பிரதி செய்யவும் வெளியே இணைக்கும் றைற்றரை வாங்குவோர் உளர். ஆகவே விடயம் பழையதேனும் பயன் கெட்டுவிடவில்லை.

இறுவட்டு என்னும் சொல் ஈழத்தில் நமக்கு நன்கு பழகிய சொல். எழுதும் கருவியை மட்டும் நம்மவர் றைற்றர் என்றே அழைக்கின்றனர். நாமும் அவ்வாறே அழைப்போம். ஆங்கிலத்தில் இத் தொழிலை எரித்தல் என்கின்றனர். உண்மையில் அங்கே எதுவும் தீப்பற்றுவதில்லை. வெற்று இறுவட்டினுள் மெல்லிய சாயப் படை ஒன்று உண்டு. லேசர் ஒளி அச் சாயத்தில் பட்டவிடத்தில் அதன் தன்மை மாறி ஒரு மறு விழுகின்றது. அந்த மறுக்கள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரே வரியில் அமைகின்றன. டி.வி.டி. இறுவட்டில் அச் சுருளின் ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்கிரோன் மாத்திரமே. அவ்வரியை நேராக நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 11.8 கிலோமீற்றர் வரும். யாழ்ப்பாணப் பட்டினத்தில் தொடங்கினால் காங்கேசன்துறை வீதியில் சுன்னாகத்தைக் கடந்துவிடும். இத்துணை நீண்ட வரியைப் பத்து நிமிடத்தில் எழுதி முடிக்கும் கருவியை மந்தமானது என்று ஏசுமுன் சற்று யோசித்தல் தகும்.

இனி வழக்குக்கு வருவோம். 2010ஆம் ஆண்டில் எமது பெரிய தந்தையார் காலமானார். ஊர்க் கோயிலில் கந்தபுராண படனம் நடைபெறுங்காலங்களில், ஒருவர் பாட்டை வாசிக்க, பயன் சொல்லுபவராய் அவர் பல்லாண்டுகள் அமர்ந்திருந்தவர். அவர் பயன் சொல்லியதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பர் வீடியோ நாடாவிற் பதிந்து வைத்திருந்தார். இரண்டு மணி நேரப் பதிவு. அவர் குரல் எஞ்சியிருந்தது அந்த நாடா ஒன்றிலேதான். அந்தியேட்டி நாளில் வழங்கும் கல்வெட்டோடு அவ்விரண்டு மணி நேரத்தையும் இறுவட்டாக உறவினருக்குக் கொடுக்கவேண்டுமென்பது பெரியம்மாவின் ஆசை. கடையிற் கொடுத்துப் பிரதி எடுக்கலாமே என்றோம். அவர் இசையவில்லை. "வீட்டிலை வைச்சே செய் தம்பி. அவற்றை குரல் வீட்டாலை போகட்டும்" என்றார். அதன்பின் மறுத்துரைக்க எமக்கு நாவெழவில்லை.

வீடியோப் படநிலையத்தார் நாடாவை டி.வி.டி. வடிவத்துக்கு மாற்றி, 4.3 கிகாபைற் அளவுள்ள கோப்புறையாக, தனி மின்னிணைப்புடைய வெளி வன்தட்டு ஒன்றில் இட்டு இரவலாகத் தந்தனர். மூல நாடாவும் பழுதின்றித் திரும்பி வந்தது. மடிக்கணினியோ வாங்கி ஒரு மாதமுமாகாத புதியது. அறுபது பிரதிகள் வேண்டும். ஒன்பது நாட்கள் இருந்தன. வேலை இலகுவாகவே தோன்றிற்று.

முதலாவது இறுவட்டை இட்டு எழுதத் தொடங்கினோம். காலை உணவு முடிந்தது, பத்திரிகை முடிந்தது, வந்த விருந்தினர் தேநீர் அருந்தி விடைபெற்றுச் சென்றனர், றைற்றர் மட்டும் முடிக்கவில்லை. 75 நிமிடங்கள் சென்றபின்னரே தட்டு வெளியே வந்தது. அறுபது பிரதிக்கு 75 மணி நேரம். மின்சாரம் எப்போது நிற்குமென்று சொல்லவியலாத நாட்களில், ஒன்பது நாளில் 75 மணி நேரம் என்பது நாளொன்றுக்கு எட்டு மணிக்கு மேல் கணினியின் முன் தவமிருத்தலாகும். வீட்டிலோ துக்கம் விசாரிக்க வருவோர் ஒருபுறம், சமையல் ஒழுங்கு ஒருபுறம், கல்வெட்டின் அச்சுப் படி பார்த்தல் ஒருபுறம்.

விற்ற கடைக்குத் தொலைபேசியில் அறிவித்தோம். கடை கொழும்பில் இருந்தது. "றைற்றர் பழுதாயிருக்கும், உத்தரவாதக் காலம் உண்டு, கணினியை அனுப்புங்கள், இரண்டு கிழமையில் மாற்றித் தருகிறோம்" என்று மரியாதையாகவே சொன்னார்கள். இரண்டு கிழமையென்றால் அந்தியேட்டி முடிந்துவிடும். எனவே அனுப்புமுன் கருவி உண்மையிற் பழுதோவென்று நாமே ஆராயத் துணிந்தோம். மகன் அப்பொழுது க.பொ.த. உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் கடதாசியும் பென்சிலும் எடுத்துவரச் சொன்னோம். கணினி சம்பந்தமான கோளாறுகளுக்கு முதலாவது ஆயுதம் கடதாசியும் பென்சிலுமே என்பது எமது உறுதியான கருத்து. திருகாணி திருப்பி அப்புறம் வரட்டும்.

றைற்றரின் பெட்டியில் "8 மடங்கு" என்று எழுதியிருந்தது. எதன் எட்டு மடங்கு? இக் கேள்வியைக் கேட்பார் அரியர். டி.வி.டி. இறுவட்டுக்கு ஒரு மடங்கு வேகமென்பது நொடிக்கு 1,385 கிலோபைற். சீடி இறுவட்டுக்கு ஒரு மடங்கென்பது நொடிக்கு 150 கிலோபைற் மாத்திரமே. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டதனால் விளைந்த குழப்பம் கொஞ்சமன்று. அதே பெட்டியில் "சீடிக்கு 24 மடங்கு, டி.வி.டி.க்கு 8 மடங்கு" என்று கண்டு, டி.வி.டி. எழுதுதல் மூன்றிலொரு பங்கு வேகம்தான் என்று எண்ணுவோர் உண்டு. பெருக்கிப் பார்த்தால் முன்னையது நொடிக்கு 3,600 கிலோபைற். பின்னையது 11,080 கிலோபைற். டி.வி.டி.யே மும்மடங்கு விரைவானது!

இவ்வளவும் தெரிந்தபின் கணக்கு எளிது. 4.3 கிகாபைற்றை ஒரு மடங்கு வேகத்தில் எழுத 52 நிமிடம் ஆகும். எட்டு மடங்கெனில் ஆறரை நிமிடம் என்று கணிதம் சொல்லும். ஆனால் மெய்யில் அவ்வாறு முடியாது. மடிக்கணினியின் மெல்லிய றைற்றர் இறுவட்டை ஏறக்குறைய ஒரே சுழற்சியிற் சுழற்றுகின்றது. நிமிடத்துக்கு 4,600 சுற்று என்று கொண்டால், விளிம்பில் எட்டு மடங்கு கிடைக்கும், நடுவிலோ 3.3 மடங்குதான் கிடைக்கும். சில்லின் அச்சருகே உள்ள புள்ளி குறைந்த தூரமும் விளிம்பிலுள்ள புள்ளி கூடிய தூரமும் ஓடுவது போன்றதே இது. ஆகவே தொடக்கத்தில் திரையில் 3.3 என்று காட்டினால் கலங்கவேண்டியதில்லை. தொடக்கமும் முடிப்பும் சேர்த்து ஒன்பது பத்து நிமிடம் நியாயமான காலம். மேசைக் கணினியின் பருத்த றைற்றரோடு இதனை ஒப்பிடுதல் முறையன்று.

இப்பொழுது மகன் கேட்டான்: "அப்பா, 52 நிமிடம் என்றால் ஒரு மடங்கு. எங்களுக்கு 75 நிமிடம் எடுத்தது. அப்படியென்றால் ஒரு மடங்குக்கும் குறைவாக எழுதியதா?"

வழக்கின் முடிச்சு அவிழ்ந்தது அக் கேள்வியிலேதான். டி.வி.டி. றைற்றர்கள் ஒரு மடங்குக்குக் குறைந்து எழுதுவதற்கென ஆக்கப்பட்டவையல்ல. சராசரி ஒரு மடங்குக்கும் கீழே இறங்கிற்றெனில், கருவி மெதுவாக எழுதிற்று என்பது பொருளன்று. எழுதாமல் இடையிடையே சும்மா இருந்தது என்பதே பொருள். ஏன் சும்மா இருந்தது? எழுதுவதற்குத் தரவு வந்து சேரவில்லை.

புராண படனத்தைக் கேட்டவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. வாசிப்பவர் பாட்டை எடுத்துக் கொடுத்தாலன்றிப் பயன் சொல்லுபவர் வாய் திறக்க இயலாது. வாசிப்பவருக்கு ஏடு தட்டுப்படவில்லை, கண்ணாடி மறந்து வந்துவிட்டார், எழுத்துத் தெரியவில்லை என்றால், பயன் சொல்லுபவர் எத்துணை வல்லவராயினும் காத்திருக்கத்தான் வேண்டும். பின்வரிசையில் இருப்பவன், "இன்று பயன் சொல்லுகிறவர் இழுக்கிறார்" என்று முணுமுணுப்பான். றைற்றர் பயன் சொல்லுபவர், வன்தட்டு வாசிப்பவர். நாம் பின்வரிசையிலிருந்து முணுமுணுப்பவர்.

றைற்றரினுள்ளே 'பஃபர்' எனப்படும் சிறு நினைவகம் உண்டு. வரும் தரவை அதில் நிறைத்துவைத்தே லேசர் எழுதுகின்றது. மடிக்கணினி றைற்றர் பலவற்றில் அதன் அளவு 2 மெகாபைற். எட்டு மடங்கு வேகத்தில் அது ஒரு நொடியின் ஐந்திலொரு பங்குக்கும் போதாது. முற்காலத்தில் இந் நினைவகம் வெறுமையானால் அந்த இறுவட்டைக் குப்பையில் எறியவேண்டியதுதான். 2000ஆம் ஆண்டளவில் சான்யோ நிறுவனம் 'பேர்ண் புரூஃப்' என்ற பெயரில் ஓர் உபாயத்தைக் கொணர்ந்தது. தரவு தீர்ந்தால் லேசர் நின்றுவிடும். நின்ற இடத்தை நினைவில் வைத்திருக்கும். தரவு மீண்டும் நிறைந்ததும் அவ்விடத்திலிருந்தே தொடரும். பின்னர் இத்தகைய காப்பு எல்லா றைற்றர்களுக்கும் பொதுவாயிற்று. இறுவட்டுக் கெடாமல் தப்புகின்றது. நேரம் மட்டும் போகின்றது. இவ்வுபாயத்தால் ஒரு தீங்கும் விளைந்தது. முன்னர் பழுதாய் வெளிப்பட்ட கோளாறு, பின்னர் தாமதமாய் மறைந்துகொண்டது.

ஊகத்தோடு நின்றுவிடலாகாது. இம்ஜ்பேர்ண் என்னும் இலவச மென்பொருளில் இரண்டாவது இறுவட்டை எழுதினோம். அது எழுதும்பொழுதே இரண்டு பட்டைகளைக் காட்டுகின்றது. ஒன்று கணினியின் நினைவகத்தில் நிறைந்திருக்கும் தரவு. மற்றது றைற்றரின் நினைவகத்தில் உள்ளது. இரண்டும் நூறு வீதத்துக்கு அண்மையில் நிற்கவேண்டும். எமது திரையில் முதற்பட்டை சரிந்து சரிந்து பூச்சியத்தைத் தொட்டது. அடுத்து மற்றதும் சரிந்தது. பின் மென்பொருள் சற்றே காத்திருந்தது, பட்டைகள் ஏறின, மீண்டும் சரிந்தன. காதைக் கொடுத்துக் கேட்டோம். இறுவட்டின் இரைச்சல் ஏறுவதும் தணிவதுமாக, ஒழுங்கற்ற மூச்சுப்போல் இருந்தது. பட்டைகள் நிறைந்திருந்தும் நேரம் சென்றதாயின் குற்றம் றைற்றரிலோ இறுவட்டிலோ இருக்கும். பட்டைகள் வெறுமையானால் குற்றம் அவற்றுக்கு முன்னே உள்ள வழியில் இருக்கும். இந்த ஒரு பிரிவினையைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

மூன்றாவது சோதனையில் றைற்றரை முற்றாக ஒதுக்கிவைத்தோம். வெளி வன்தட்டிலிருந்த கோப்புறையை மடிக்கணினியின் சொந்த வன்தட்டுக்குப் பிரதி செய்யுமாறு கட்டளையிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். இறுவட்டே இல்லை, லேசரே இல்லை. அப்படியிருந்தும் 70 நிமிடத்துக்கு மேற் சென்றது! றைற்றர் குற்றமற்றதென அக்கணமே விடுதலை பெற்றது. கொழும்புக்கு அனுப்பியிருந்தால் அங்குள்ளவர் நல்ல றைற்றரைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல றைற்றரைப் பூட்டி அனுப்பியிருப்பர். அதுவும் 75 நிமிடமே எடுத்திருக்கும்.

வன்தட்டிலிருந்து கணினிக்கு வரும் கம்பியைக் கையாற் தடவிக்கொண்டே சென்றோம். புதிய கணினியில் மூன்று யூ.எஸ்.பி. வாயில்களே இருந்தன. அச்சுப் பொறி, சுட்டி, பென் டிரைவ் என்று எல்லாம் இடம் கேட்டமையால், பழைய மேசைக் கணினியோடு இருந்த ஹப் ஒன்றை மகன் மேசைக்கடியில் இணைத்திருந்தான். வெளி வன்தட்டின் கம்பி அந்த ஹப்பிற் போய் முடிந்தது. ஹப்பைத் திருப்பிப் பார்த்தோம். யூ.எஸ்.பி. 1.1 என்று அடியிற் பொறித்திருந்தது.

யூ.எஸ்.பி. 1.1 என்பது 1998ஆம் ஆண்டின் நியமம். அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிற். எட்டு பிற் சேர்ந்தது ஒரு பைற்றாகையால் அது ஒன்றரை மெகாபைற். நடைமுறையில் ஏறக்குறைய ஒரு மெகாபைற்தான் கிட்டும். 2000ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0 நியமத்தின் உச்சமோ 480 மெகாபிற், நாற்பது மடங்கு. இரு நியமங்களின் செருகியும் வாயிலும் ஒரே உருவம். பழையதிற் புதியது செருகினாலும் மறுப்பின்றி வேலை செய்யும். மெதுவாக மட்டும் செய்யும். நொடிக்கு ஒரு மெகாபைற்றாக 4.3 கிகாபைற் வந்து சேர 72 நிமிடம். கடதாசியில் இருந்த கணக்கும் சுவரில் இருந்த கடிகாரமும் கைகுலுக்கிக்கொண்டன. இத்தகைய இணைப்பில், "இக் கருவி இதனினும் விரைவாக இயங்கவல்லது" என்னும் கருத்துப்பட ஒரு செய்தி திரையின் மூலையிற் குமிழிபோல் தோன்றி மறைவதுண்டு. மகனைக் கேட்டோம். "ஓம் அப்பா, ஏதோ ஒன்று வந்து வந்து போனதுதான்" என்றான்.

கோப்புறை இப்பொழுது மடிக்கணினியின் சொந்த வன்தட்டிலேயே இருந்தமையால், வெளி வன்தட்டின் தேவையே ஒழிந்தது. மகிழ்ச்சியோடு அடுத்த இறுவட்டை இட்டோம். பட்டைகள் இரண்டும் நிறைந்து அசையாது நின்றன. இரைச்சலும் ஒரே சீராயிருந்தது. ஆயினும் முடிந்தபொழுது கடிகாரம் 26 நிமிடம் காட்டிற்று. முன்னையதிலும் மூன்றிலொரு பங்கு. எனினும் எதிர்பார்த்தது பத்து நிமிடமன்றோ?

மீண்டும் கடதாசி. 52ஐ 26ஆற் பிரித்தால் இரண்டு. கருவி மிகச் சரியாக இரண்டு மடங்கு வேகத்தில் எழுதியிருக்கின்றது. தரவுக்காகக் காத்திருக்கும் கருவி இப்படி முழு எண்ணில் நிற்காது, அங்குமிங்கும் அலையும். சரியாக இரண்டு மடங்கில் நிற்கின்றதெனில், அது தானே தெரிந்தெடுத்த வேகம். தடையன்று, தீர்மானம். அத் தீர்மானத்துக்குக் காரணம் வெற்று இறுவட்டுகள்.

ஒவ்வொரு வெற்று டி.வி.டி.யிலும் அதனை ஆக்கியோரின் குறியொன்று தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுகின்றது. மேலே ஒட்டிய பெயரை யாரும் எப்படியும் அச்சடிக்கலாம். உள்ளே உள்ள குறியே மெய்யான பிறப்புச் சான்று. றைற்றர் இறுவட்டை ஏற்றவுடன் முதலில் அக் குறியைப் படிக்கின்றது. அதனுள் பதித்துவைத்த மென்பொருளில் ஒரு பட்டியல் உண்டு: இன்ன குறியுடைய சாயத்துக்கு லேசரை இவ்வளவு வலுவோடு, இவ்வளவு வேகத்தில் செலுத்துக என்பது அது. குறி பட்டியலில் இல்லையாயின், முன்பின் அறியாதவருக்குக் கடன் கொடுப்பவர்போல் றைற்றர் எச்சரிக்கையோடு குறைந்த வேகத்தையே தெரிகின்றது. நாம் வாங்கிய கட்டின் மேலுறையில் "16 மடங்கு" என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. இம்ஜ்பேர்ண் காட்டிய விபரத்திலோ, இக் கருவியில் அந்த இறுவட்டுக்கு உரிய வேகம் 2 என்று மட்டும் இருந்தது. பட்டணத்தில் வேறொரு கடையில் வேறொரு வகையில் ஐந்து மட்டும் வாங்கிவரச் செய்து, ஒன்றை இட்டோம். 2, 4, 6, 8 என்று நான்கு வேகங்கள் வரிசையாகத் தோன்றின. எட்டில் எழுதினோம். பத்து நிமிடம் ஆகுமுன் தட்டு வெளியே வந்தது.

மகன் எட்டு மடங்கிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடத் துடித்தான். இளமை அப்படித்தான். நாம் நான்கு மடங்கைத் தெரிந்தோம். நான்கில் 14 நிமிடம். அறுபதுக்கு 14 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி போதும். மெதுவாக எழுதினால் எப்பொழுதும் தரம் உயரும் என்று சிலர் நம்புகின்றனர். அது முற்றும் உண்மையன்று. வேகமாக எழுதுவதற்கென்றே சாயம் அமைக்கப்பட்ட இறுவட்டை ஒரு மடங்கில் எழுதினால் தரம் கெடவும் கூடும். இடைத்தரமான வேகமே பெரும்பாலும் பொருந்தும் என்பது எமது அனுபவம். எழுதியபின் ஒவ்வொன்றையும் ஒருமுறை படித்துச் சரிபார்க்கும் வசதியையும் மென்பொருளில் இட்டுக்கொண்டோம். அதற்கும் நேரம் செல்லும். ஆனால் கனடாவுக்குப் போகும் இறுவட்டு அங்கே திறக்கவில்லையென்றால், யார் அதைத் திரும்பக் கொண்டுவருவது?

வேலை ஏழு நாளில் முடிந்தது. இருமுறை மின்சாரம் நின்றது. மடிக்கணினி தன் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்தமையால் எழுதிக்கொண்டிருந்த இறுவட்டுக் கெடவில்லை. இவ்விடயத்தில் மேசைக் கணினியைவிட மடிக்கணினி மேலானதே. அந்தியேட்டியன்று கல்வெட்டுகளின் மேலட்டைக்குள் இறுவட்டுகள் இருந்தன. பெரியம்மா ஒன்றை மட்டும் எடுத்துத் தம் புடைவைப் பெட்டியில் வைத்தார். அவரிடம் அதனைப் போட்டுக் கேட்கும் கருவி இல்லை.

எல்லார் வீட்டிலும் இதே காரணம் இராது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்கிய காலத்துக் கணினிகளில், றைற்றரோடு தரவுப் பிழைகள் ஆறுமுறை சேர்ந்துவிட்டால், இயங்குதளம் தானாகவே டி.எம்.ஏ. என்னும் விரைவு வழியைக் கைவிட்டுப் பி.ஐ.ஓ. என்னும் பழைய மெது வழிக்கு இறங்கிவிடும். அதன்பின் கணினியின் மூளையே ஒவ்வொரு சொல்லையும் கையாற் சுமந்து கொடுக்கவேண்டியதாகும். எழுதும்பொழுது சுட்டிகூட அசைய மறுத்தால் இதனை ஐயுறலாம். 2007இல் வந்த விஸ்டாவும் 2009இல் வந்த விண்டோஸ் 7உம் வெற்று இறுவட்டை இட்டதும் ஒரு கேள்வி கேட்கும். பென் டிரைவ் போல் பாவிப்பதா, இறுவட்டுக் கருவியில் இயக்குவதா என்பது அது. முன்னையதைத் தெரிந்தால் முதலில் இறுவட்டு முழுவதையும் அவ்வகைக்கு ஆயத்தஞ் செய்யும், பின் கோப்புகளை ஒவ்வொன்றாக எழுதும், நேரம் நீளும், வீட்டு டி.வி.டி. கருவி அதனைப் படிப்பதும் ஐயமே. பாட்டோ படமோ கொடுப்பதாயின் பின்னையதே தக்கது. மின்கலத்தைச் சேமிக்கும் ஒழுங்கில் கணினியை விட்டிருத்தல், எழுதும்பொழுதே வைரசுத் தடுப்பு மென்பொருள் முழுத் தேடலில் ஈடுபடுதல் ஆகியனவும் சிறிது தாமதம் தரும். ஆனால் பத்து நிமிடத்தை 75 ஆக்க அவற்றால் எளிதில் இயலாது.

இக்காலத்தில் வெளியே இணைக்கும் மெல்லிய றைற்றரைப் பாவிப்போருக்குத் தரவைவிட மின்வலுவே பெருந்தடை. யூ.எஸ்.பி. 2.0 வாயில் ஒன்று தரக்கூடியது 500 மில்லியம்பியர், 3.0 வாயில் தருவது 900. இறுவட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் சில றைற்றர்கள் முன்னைய அளவுக்கு மேலும் கேட்கும். கிடைக்காவிட்டால் சுழன்று நிற்கும், மறுபடி சுழலும், இறுவட்டை அடையாளங் காணவே பல நிமிடம் தடுமாறும். இரு தலையுள்ள கம்பி சிலவற்றோடு வருவது இதற்காகவே. ஹப் எதுவும் இடையில் வையாது, கணினியின் வாயிலிலேயே நேராகச் செருகுதல் முதற் சிகிச்சை.

நல்ல வெற்று இறுவட்டுகள் கிடைப்பதும் அருகிவருகின்றது. 1988இல் எழுதத்தக்க சீடியை ஆக்கிப் புகழ்பெற்ற ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 2015ஆம் ஆண்டின் முடிவோடு இறுவட்டுத் தொழிலை விட்டது. சோனி நிறுவனம் எழுதத்தக்க புளூ-றே இறுவட்டுகள் செய்வதை 2025 பெப்ரவரியோடு நிறுத்திற்று.

2024இல் எம்மிடம் எஞ்சியிருந்த ஐந்து பிரதிகளை வெளி றைற்றரில் இட்டுப் படித்துப் பார்த்தோம். நான்கு மடங்கில் எழுதிய நான்கும் தொடக்கம் முதல் முடிவு வரை தடையின்றித் திறந்தன. ஐந்தாவது, அந்த 75 நிமிட இறுவட்டு. அறியாத குறியுடைய முதற் கட்டிலிருந்து எடுத்தது அது. ஒரு மணி நாற்பது நிமிடம் வரை பெரிய தந்தையார் தெளிவாகப் பயன் சொன்னார். அதன்பின் விளிம்பை அண்மியதும் படம் கட்டங் கட்டமாகச் சிதறிக் குரல் நின்றுவிட்டது. மற்றை நான்கில் ஒன்றிலிருந்து கோப்புறையை முழுமையாக எடுத்து, இரண்டு வன்தட்டுகளில் வைத்தோம். ஒன்று எம்மிடம், மற்றது மகனிடம்.